ஐந்து நிமிடப் பாட்டுக்கும் ஓராண்டுத் தொடருக்கும் ஒரே கட்டணம்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணி. ஜப்பானின் பொதுத் தொலைக்காட்சியான என்.எச்.கே.யின் கல்வி அலைவரிசையில் ஒரு பௌத்தத் துறவியோ, ஒரு பாதிரியாரோ, நெடுநாள் நோயோடு வாழ்ந்துவரும் ஒருவரோ அவசரமில்லாமல் பேசிக்கொண்டிருப்பார். வாழ்வையும் மதத்தையும் பற்றிய அந்த உரையாடலுக்கு ஒரு மணி நேரம். அது முடிந்ததும் 31 அசை கொண்ட தங்கா கவிதைக்கு ஒரு நிகழ்ச்சி, 17 அசை கொண்ட ஹைக்கூவுக்கு இன்னொன்று. நேயர்கள் எழுதி அனுப்பியவற்றில் சிலவற்றை ஒரு கவிஞர் தேர்ந்தெடுத்து, இந்தச் சொல் இங்கே ஏன் நிற்கிறது, அந்தச் சொல் ஏன் தள்ளிப்போக வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். சற்று நேரம் கழித்துச் செடி வளர்ப்பு. இந்த நிகழ்ச்சிக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. பிறகு, 1976 முதல் வந்துகொண்டிருக்கும் ஓவிய, சிற்ப நிகழ்ச்சி. அடுத்து ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கம். நண்பகலுக்குப் பின் கறுப்பு வெள்ளைக் கற்களால் ஆடும் 'கோ' ஆட்டம். ஆட்டக்காரர் அடுத்த நகர்வை யோசிக்கும் மௌனத்தையும் சேர்த்தே ஒளிபரப்புகிறார்கள். அதே நண்பகலில் பொது அலைவரிசையைத் திருப்பினால் 'நோடோ ஜிமான்' என்ற பாட்டுப் போட்டி. ஒவ்வொரு வாரமும் ஒரு ஊர்; அந்த ஊர் மீனவரும் செவிலியரும் பள்ளி மாணவியும் மேடையேறிப் பாடுவார்கள். பாட்டு தேறினால் குழாய் மணிகள் அத்தனையும் ஒலிக்கும், தேறாவிட்டால் ஒன்றிரண்டோடு நின்றுவிடும். 1946-ல் வானொலியில் தொடங்கிய போட்டி இது. இரவு 8 மணிக்கு, ஓராண்டு முழுவதும் வாரம் ஒரு பகுதியாக வளரும் வரலாற்றுத் தொடர்.

ஒரே நிறுவனம், ஒரே நாள். இந்தப் பட்டியலைப் பார்க்கிற எவருக்கும், ஜப்பானியர்களின் ரசனை உயர்ந்தது, அதனால்தான் இப்படி என்று சொல்லத் தோன்றும். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. இதே ஜப்பானியர்கள்தான் மாலையில் ரிமோட்டை எடுத்துத் தனியார் அலைவரிசைகளுக்குப் போகிறார்கள். அங்கே எந்தச் சேனலைத் திருப்பினாலும் நகைச்சுவைக் கலைஞர்கள் கூடி உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டு வியக்கும் காட்சிகள்தான் பெரும்பாலும் கிடைக்கின்றன. பார்க்கிற கண்கள் ஒன்றே. மாறுவது பணம் வரும் வழி. என்.எச்.கே.யின் பன்மை யாருடைய நல்ல மனத்தாலும் வந்ததல்ல. ஒரு சட்டமும் ஒரு கட்டணமும் சேர்ந்து அந்த நிறுவனத்தை அப்படி இருக்கும்படி கட்டாயப்படுத்துகின்றன. அந்தக் கட்டாயம் தளர்ந்தால் பன்மையும் போய்விடும் என்பதால்தான், அதன் கட்டணத்தைப் பற்றி ஜப்பானில் இப்போது நடக்கும் வாக்குவாதத்தை வெறும் பண விவகாரமாகக் கருத முடியாது.

இந்தக் கட்டாயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. ஜப்பானில் வானொலி 1925 மார்ச்சில் தொடங்கியது. தோக்கியோ, ஒசாகா, நகோயா நிலையங்கள் அடுத்த ஆண்டே இணைக்கப்பட்டு என்.எச்.கே. உருவானது. போர்க் காலத்தில் அது அரசின் வாயாக இருந்தது. படை சொன்ன செய்தியையே படித்தது. 1945 ஆகஸ்ட் 15 அன்று பேரரசர் தோல்வியை அறிவித்த குரலையும் மக்கள் அதில்தான் கேட்டார்கள். ஒரே குரல் மட்டும் ஒலிக்கும் ஒலிபரப்பு ஒரு நாட்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் 1950-ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம். அரசியலில் நடுநிலை வேண்டும், உண்மையைத் திரிக்கக் கூடாது, கருத்து மாறுபடும் விஷயங்களை இயன்றவரை பல கோணங்களிலிருந்து காட்ட வேண்டும் என்கிறது அது. செய்தி, கல்வி, பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கிடையே இசைவு வேண்டும் என்றும் சொல்கிறது. என்.எச்.கே.க்கு மட்டும் கூடுதலாகச் சில கடமைகள்: நாடு முழுமைக்குமான நிகழ்ச்சிகளோடு வட்டார நிகழ்ச்சிகளும் வேண்டும், பழைய நல்ல பண்பாட்டைக் காக்கவும் புதியதை வளர்க்கவும் வேண்டும். இவற்றை நிறுவனம் தனக்குத் தானே எண்களாகவும் வகுத்துக்கொண்டிருக்கிறது. 1959-ல் தொடங்கிய கல்வி அலைவரிசையில் குறைந்தது 75 விழுக்காடு நேரம் கல்விக்கே போக வேண்டும்.

பணத்துக்கு வருவோம். என்.எச்.கே. விளம்பரம் வாங்கக் கூடாது, சட்டம் தடுக்கிறது. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பவர் அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு கட்டணம் செலுத்த வேண்டும். 2023 அக்டோபர் முதல் இது மாதம் 1,100 யென், ஏறத்தாழ 600 ரூபாய். செயற்கைக்கோள் அலைவரிசையும் சேர்ந்தால் 1,950 யென். இந்தப் பணம் அரசின் கருவூலத்துக்குப் போய் அங்கிருந்து பிச்சையாகத் திரும்பி வருவதில்லை. வீட்டிலிருந்து நேராக நிறுவனத்துக்குப் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கோடி யென் இப்படித் திரள்கிறது. இங்கேதான் முடிச்சு இருக்கிறது. விளம்பரத்தில் வாழும் சேனலுக்கு அந்த நேரத்தில் திரை முன் இருக்கும் தலைகளே வருமானம். என்.எச்.கே.க்கோ, அந்த நேரத்தில் பார்க்காதவரும் பணம் கொடுத்திருக்கிறார். ஹைக்கூ எழுதும் பாட்டி, பரீட்சையில் தோற்றுத் தபால்வழியில் படிக்கும் பையன், காது கேளாதவர், மகளிர் கால்பந்துக்கு உயிரைவிடும் ஒருவர் என்று எல்லோரும் ஒரே தொகையைத் தந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் எங்கோ ஒரு அரை மணி நேரம் கடன்பட்டிருக்கிறோம் என்ற கணக்கில்தான் அட்டவணை எழுதப்படுகிறது.

போட்டி இருந்தால் பன்மை தானாக வரும் என்பது பரவலான நம்பிக்கை. தொலைக்காட்சியில் அது பலிப்பதில்லை. ஏன் பலிப்பதில்லை என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் பீட்டர் ஸ்டைனர் 1952-லேயே வானொலியை வைத்து விளக்கினார். நூறு பேரில் எண்பது பேருக்கு ஒரு வகை நிகழ்ச்சி பிடிக்கும், இருபது பேருக்கு இன்னொரு வகை பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று நிலையங்கள் போட்டியிட்டால் மூன்றும் எண்பதைப் பங்குபோடவே ஓடும். மூன்றில் ஒரு பங்கே கிடைத்தாலும் அது இருபதைவிட அதிகம். அந்த இருபது பேரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஐந்தாவது டீக்கடையும் திறக்கப்படுவதும், ஊர்க் கோடியில் ஒரு கடைகூட இல்லாமல் இருப்பதும் இதே கணக்கால்தான். ஜப்பானில் ஐந்து பெரிய தனியார் வலைப்பின்னல்கள் தோக்கியோவிலிருந்து இயங்குகின்றன. மற்ற நான்கும் போகும் பாதையை விட்டு விலகித் தனக்கென்று ஒரு வழி தேடிப் பெயர்பெற்ற டிவி தோக்கியோவை இங்கே மதிப்போடு விலக்கிவைக்க வேண்டும். ஆனால் அதுவும் விளம்பரக்காரர் வரும் எல்லைவரைதான் விலக முடியும். சைகை மொழி கற்பிக்கும் நிகழ்ச்சியை வாராவாரம் நடத்த எந்த விளம்பரக்காரரும் வரமாட்டார்.

என்.எச்.கே. அதை நடத்துகிறது. அது மட்டுமல்ல, 2012-ல் அதன் கல்வி அலைவரிசையில் 'பரிபரா' என்ற நிகழ்ச்சி வந்தது. மாற்றுத்திறனாளிகளே நடத்தி, மாற்றுத்திறனாளிகளே சிரித்துச் சிரிக்கவைத்து, காதல், வேலை, பணம், அவமானம் எல்லாவற்றையும் பேசினார்கள். 2016 ஆகஸ்ட் 28-ஆம் தேதி மாலை ஒரு தனியார் சேனலில் ஆண்டுதோறும் நடக்கும் 24 மணி நேர அறப்பணி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. உடற்குறை கொண்டவர்கள் அரும்பாடுபட்டு எதையோ சாதிப்பதைக் காட்டி நாட்டைக் கண்கலங்க வைப்பது அதன் வழக்கம். அதே நேரத்தில் பரிபரா நேரலையில் வந்து, எங்களை ஏன் எப்போதும் உருக்கத்துக்கு மூலப்பொருளாக்குகிறீர்கள் என்று கேட்டது. அந்த அறப்பணி நிகழ்ச்சியின் மஞ்சள் சட்டையைப் போலவே ஒரு சட்டையை அணிந்துகொண்டு கேட்டது. பன்மை என்பதை நான் இந்தக் கனத்தில்தான் புரிந்துகொள்கிறேன். சமையலுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று வகைகளை அடுக்குவது எளிது. பெரும்பான்மை நெகிழ்ந்து அழும் நேரத்தில், அந்த அழுகைக்குப் பொருளாக்கப்பட்டவர்களே எழுந்து மறுத்துப் பேச நேரமும் மேடையும் விளக்கும் கேமராவும் கொடுப்பது வேறு. விளம்பரதாரர் ஒருவர் இருந்திருந்தால், அந்த மாலை அவர் தொலைபேசியை எடுத்திருப்பார்.

குழந்தைகளுக்குச் செய்வதில் இந்த நிறுவனம் இன்னும் உயரே நிற்கிறது. 'ஒகாசான் தோ இஷ்ஷோ', அதாவது 'அம்மாவுடன்', 1959 முதல் வருகிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். ஒரு குச்சியில் செருகிய மூன்று மாவுருண்டைகள் அண்ணன் தம்பிகளாகப் பேசிக்கொள்ளும் பாட்டு 1999-ல் அதிலிருந்து வந்து ஏறத்தாழ 30 லட்சம் குறுந்தகடுகள் விற்றது. அந்தப் பாட்டை எழுதிய மசாஹிக்கோ சாத்தோ, 2002-ல் தொடங்கிய 'பித்தகோரா சுவிட்ச்' நிகழ்ச்சியின் பின்னாலும் இருக்கிறார். கோலி உருளும், அளவுகோல் சாயும், பென்சில்கள் ஒன்றையொன்று தள்ளும், நூல் இழுபடும், கடைசியில் நிகழ்ச்சியின் பெயர் எழுதிய ஒரு சிறு கொடி எழும். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. காரணமும் விளைவும் என்றால் என்ன என்பதை நான்கு வயதுப் பிள்ளை கண்ணாலேயே பிடித்துக்கொள்கிறது. 2003-ல் வந்த 'நிஹோங்கோ தே அசோபோ' தாய்மொழியை விளையாட்டாக்கியது. மரபுக் கியோகென் நாடகக் கலைஞர் மன்சாய் நோமுரா, செவ்விலக்கிய வரிகளைக் குழந்தைகள் குதித்துக்கொண்டு சொல்லும் ஓசைகளாக மாற்றினார். பொருள் புரியாத வயதில் ஓசை உள்ளே போனால் போதும், பொருள் தன் நேரத்தில் வந்து சேரும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. இவை எதற்கும் இடையில் பொம்மை விளம்பரமோ இனிப்பு விளம்பரமோ கிடையாது. குழந்தைக்கு எதையும் விற்கத் தேவையில்லாதவர்கள் செய்யும் நிகழ்ச்சியின் நடை வேறாக இருப்பது, அருகருகே வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும்.

நிகழ்ச்சிகளின் வகையைப் பற்றியே பேசுகிறோம்; அவற்றின் நீளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 1961 முதல் வரும் 'மின்னா நோ உத்தா' ஐந்தே நிமிடம், ஒன்றிரண்டு பாடல்கள், அவற்றுக்கென்றே வரைந்த ஓவியப் படம். அதே ஆண்டு தொடங்கிய காலைத் தொடர் 15 நிமிடம், ஆறு மாதம். 'டாக்குமெண்ட் 72 மணி நேரம்' என்ற ஆவணத் தொடர் ஒரே இடத்தில் மூன்று நாள் கேமராவை நிறுத்திவிட்டு, வந்துபோகிறவர்களிடம் பேசும். அகித்தாவில் பனிக் காலத்தில், கடற்காற்று அடிக்கும் ஓரிடத்தில் சூடான உடோன் நூடுல்ஸ் விற்கும் பழைய தானியங்கி இயந்திரம் ஒன்றின் முன் அது நின்றது. இரவு வேலை முடித்தவர், மனைவியை இழந்தவர், சிறு வயதில் அப்பாவோடு வந்து சாப்பிட்டதை நினைத்துவருபவர் என்று ஆட்கள் வந்து, கிண்ணத்தைக் கையில் ஏந்தி, நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி. அந்தத் தொடரிலேயே மக்கள் மிகவும் விரும்பியவற்றில் ஒன்று அது. மறுமுனையில், 1963-ல் தொடங்கிய டைகா தொடர். டைகா என்றால் பேராறு. ஓராண்டு முழுவதும் ஒருவர் வாழ்க்கை. இந்த வடிவங்கள் ஒவ்வொன்றும் பொருளுக்கு ஏற்ற கால அளவை முதலில் கேட்டு, பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பிறந்தவை.

காலைத் தொடருக்கு இன்னொரு பண்பு உண்டு. ஆண்டின் முதல் பாதிக்குரியதைத் தோக்கியோ நிலையமும், அடுத்த பாதிக்குரியதை ஒசாகா நிலையமும் தயாரிக்கின்றன. ஒவ்வொரு கதையும் ஏதோ ஒரு மாவட்டத்தில் வேர்கொள்கிறது, அந்த மண்ணின் பேச்சு வழக்கோடு. 2013-ல் கன்குரோ குதோ எழுதிய 'அமாச்சான்', இவாத்தே கடற்கரையில் மூழ்கிக் கடல்முள்ளி எடுக்கும் பெண்களின் கதை. அந்த வட்டாரத்து வியப்புச் சொல்லான 'ஜெஜெஜே' அந்த ஆண்டு நாடு முழுவதும் ஒலித்தது. சுனாமி அடித்துப்போன அதே கரை இரண்டு ஆண்டுகளில் சிரிப்போடு திரும்பி வந்தது. அதற்கு 30 ஆண்டுகள் முன்னால் 'ஓஷின்'. யமகத்தாவின் ஏழைக் குத்தகை விவசாயி, ஒரு மூட்டை அரிசிக்கு மகளை வேலைக்கு அனுப்புவதில் தொடங்கும் கதை. சுகாக்கோ ஹஷிதா எழுதியது; 297 பகுதிகள்; சராசரி பார்வை 52.6 விழுக்காடு. 60-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. இலங்கை வீடுகளுக்கும் போனது; அங்கே அதை ஏந்திச் சென்ற ரூபவாஹினி நிலையமே 1982-ல் ஜப்பானின் உதவிப் பணத்தில் எழுந்ததுதான்.

இங்கே நியாயமான கேள்வி ஒன்று எழும். சைகை மொழிக்கும் பள்ளிப் பாடத்துக்கும் பொதுப்பணம் சரி. நாடகத்துக்கும் பாட்டுக்கும் எதற்கு? ஆண்டின் கடைசி இரவு சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பெண்களும் ஆண்களும் பாடும் 'கோஹகு' போன்றவற்றைத் தனியார் செய்யமாட்டார்களா? செய்வார்கள். ஆனாலும் இவற்றை என்.எச்.கே.யிடமிருந்து பிடுங்கினால் மற்றவையும் வாடிவிடும் என்பதே என் எண்ணம். 1963-ல் கோஹகுவின் பார்வை 81.4 விழுக்காடு, இன்று 30 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. சரிந்தாலும், பாட்டனும் பேத்தியும் ஒரே அறையில் ஒரே திரையைப் பார்க்கும் மிகச் சில இரவுகளில் அது ஒன்று. அந்தப் பழக்கம் இருக்கிற வீட்டில்தான் அடுத்த அலைவரிசையில் என்ன என்று தேடும் கை இருக்கும். பெருங்கூட்டத்துக்கான நிகழ்ச்சியிலும் இந்த நிறுவனம் கூட்டத்துக்கு முழுவதும் அடிமையாவதில்லை என்பதற்கு 2019-ஆம் ஆண்டின் டைகா தொடர் 'இதாதென்' சாட்சி. சாமுராய்களை விட்டுவிட்டு ஜப்பானின் ஒலிம்பிக் வரலாற்றைச் சொன்ன அது, சராசரியாக 8.2 விழுக்காட்டோடு அந்த வரிசையிலேயே அதுவரை காணாத அடியைத் தொட்டது. இருந்தும் 47 பகுதிகளும் வந்தன. அடியைத் தொட்ட பிறகும் தேடல் நிற்கவில்லை: 2024-ல் 'கெஞ்சியின் கதை' எழுதிய முரசாக்கி ஷிகிபு, 2025-ல் எடோ காலப் புத்தக வெளியீட்டாளர் ஒருவர் என்று வாளில்லாத வாழ்க்கைகள் அந்த நேரத்துக்கு வந்தன.

இதைவிடக் கூர்மையான எதிர்ப்பு கட்டணத்தின் மேல்தான். நான் பார்ப்பதில்லை, ஏன் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியை மட்டுமே கொடியாக ஏந்திய ஒரு கட்சி 2019-ல் நாடாளுமன்ற மேலவையில் ஓர் இடம் பிடித்தது. அந்தக் கோபத்துக்குக் காரணங்கள் உண்டு. 2004-ல் ஒரு தயாரிப்பாளர் பணத்தைக் கையாடியது வெளிவந்தபோது ஏராளமானோர் கட்டணத்தை நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது தவறென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வீடு வீடாக வந்து நின்ற வசூலிப்பவர்களின் நடத்தையும் நெடுங்காலம் கசப்பை விதைத்தது. தனியாக ஒரு சிறு அறையில் வாழும் கூலியாளும் செல்வரும் ஒரே தொகை கட்டுவது நீதியா என்ற கேள்வியும் கனமானது. அரசு உதவியில் வாழ்பவர்களுக்கு முழு விலக்கு இருந்தாலும், அதற்குச் சற்று மேலே திணறுகிறவர்களுக்கு இல்லை. 2017 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் பேராயம், கட்டணம் அரசமைப்புக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது போதும், மனத்தை மாற்றப் போதாது. ஆனால், பார்க்கிறவர் மட்டும் பார்த்ததற்குக் கொடுக்கட்டும் என்ற மாற்றுவழியை எண்ணிப் பாருங்கள். தபால்வழி மாணவர்களுக்கான பாடத்துக்கு எத்தனை சந்தா வரும்? காது கேளாதோருக்கான செய்திக்கு எத்தனை? சந்தாவும் விளம்பரத்தைப் போலவே தலையை எண்ணும். பார்க்காதவரும் கொடுப்பதுதான் இந்த ஏற்பாட்டின் குறையும், அதன் உயிரும். கட்டணத்தை வருவாய்க்கு ஏற்ப மாற்றலாம்; தலைக்கணக்குக்கு மாற்றினால் இந்தக் கட்டுரை பேசும் பொருளே இருக்காது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்பார்கள் இளைஞர்கள். அங்கே கிடைப்பது என்.எச்.கே. தருவதைவிடப் பல்லாயிரம் மடங்கு என்பதில் ஐயமில்லை. ஆனால் இணையத்தின் பன்மை உலகத்துக்குரியது. ஒவ்வொருவர் திரைக்கும் வந்து சேர்வது மிகக் குறுகிய ஒரு வரிசை. நேற்றுப் பார்த்ததற்கு அண்ணன் தம்பியாகவே இன்று பரிந்துரை வருகிறது. ஷோகி தொடங்குவதற்குக் காத்திருந்தவர் அதற்கு முந்தைய ஓவிய நிகழ்ச்சியின் கடைசிப் பத்து நிமிடங்களில் மாட்டிக்கொள்வதும், சுமோ பார்க்க வந்தவர் நாடாளுமன்ற விவாதத்தின் வாலைக் கேட்டுவிடுவதும் அட்டவணை என்ற பழைய சாதனத்தால்தான். கேட்காததும் கண்ணில் படும். என்.எச்.கே.யின் பார்வையாளர்கள் முதியவர்கள் என்ற குற்றச்சாட்டு உண்மையே. அதற்கு மருந்து இளைஞர் இருக்கும் இடத்துக்குப் போவதுதான். 2025 அக்டோபரில் தொடங்கிய 'என்.எச்.கே. ஒன்' இணையச் சேவை, சட்டத் திருத்தத்தின்படி இனி அந்நிறுவனத்தின் கடமைகளில் ஒன்று. அங்கே போய் அதுவும் பரிந்துரைக் கணக்குக்குப் பணிந்துவிடுமா என்பதே எனக்குள்ள கவலை.

எல்லாவற்றையும்விடக் கடினமான எதிர்ப்புக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, மறைப்பது நேர்மையாகாது. நிறுவனத்தின் ஆட்சிக் குழுவில் 12 பேர். நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் ஒப்புதலோடு பிரதமர் நியமிக்கிறார். ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துக்கு நாடாளுமன்றம் தலையசைக்க வேண்டும். ஆகவே அரசியல்வாதி கையை ஓங்க வேண்டியதில்லை, இருமினாலே போதும். ஜப்பானியப் படை போர்க்காலத்தில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக்கியதை விசாரிக்க 2000 டிசம்பரில் தோக்கியோவில் ஒரு மக்கள் நீதிமன்றம் கூடியது. அதைப் பற்றி 2001 ஜனவரியில் கல்வி அலைவரிசையில் வர இருந்த நிகழ்ச்சி, ஒளிபரப்புக்குச் சற்று முன் வெட்டி மாற்றப்பட்டு, 44 நிமிடம் 40 நிமிடமாகச் சுருங்கி வந்தது. அரசியல்வாதிகளின் மனக்குறிப்பை அளவுக்கு மீறி ஊகித்து நிறுவனமே வெட்டிக்கொண்டது என்று 2007-ல் தோக்கியோ உயர் நீதிமன்றம் கூறியது. 2008-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைத் தள்ளுபடி செய்தது. 2014-ல் புதிதாகப் பதவியேற்ற தலைவர் ஒருவர், பன்னாட்டு ஒளிபரப்பைக் குறித்து, அரசு வலம் என்று சொல்லும்போது நாம் இடம் என்று சொல்ல முடியாது என்ற பொருளில் பேசினார். ஆயிரம் வகைச் செடிகளுக்கு இடமுள்ள தோட்டத்தில், பேரரசு, போர், அணு உலை என்ற மூலைகளில் மட்டும் மண் இறுகிக் கிடக்கிறது. ஆயினும் 2011 மே மாதம், ஃபுகுஷிமா விபத்து நடந்து இரண்டே மாதத்தில், அதே கல்வி அலைவரிசையின் ஆவணக் குழுவினர் அறிவியலாளர்களோடு சேர்ந்து, கதிர்வீச்சு எங்கெங்கே எவ்வளவு என்று அளந்து போட்ட வரைபடத்தை நாட்டுக்குக் காட்டினார்கள். பார்வையாளர் குறைவான, மேலிடத்தின் கண் அதிகம் படாத ஓர் ஓரத்திலிருந்து அது வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு நிகழ்ச்சிகள் இருப்பது சிறுபான்மைக்கு மட்டும் பயன் தருவதில்லை. பெரிய நிகழ்ச்சி துணியாததைத் துணிய ஓரிடம் மிஞ்சுகிறது.

பேரிடர் நாளில் இந்தப் பன்மை வேறொரு வடிவம் எடுக்கிறது. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46-க்குப் பொது அலைவரிசையில் மேலவைக் குழுவின் கூட்டம் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே நிலநடுக்க முன்னெச்சரிக்கை ஒலித்தது. சிறிது நேரத்தில், நத்தோரியின் வயல்களையும் வீடுகளையும் அலை விழுங்குவதை அதன் ஹெலிகாப்டர் காட்டியது. அந்த நாட்களில் கல்வி அலைவரிசை, உறவினரைத் தேடுகிறவர்களின் செய்திகளைப் பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தது. அமைதியான குரலில் சொன்னால் பதற்றம் வராது என்ற பழைய கொள்கை எத்தனை பேரை வீட்டிலேயே உட்கார வைத்தது என்று நிறுவனம் பின்னால் தன்னைக் கேட்டுக்கொண்டு, வழியை மாற்றியது. 2024 புத்தாண்டு நாளில் நோத்தோ தீபகற்பம் குலுங்கியபோது, பெண் அறிவிப்பாளர் 2011-ஐ நினைத்துப் பாருங்கள், ஓடுங்கள் என்று ஏறக்குறையக் கத்தினார். திரையில் பெரிய எழுத்தில், சிறு குழந்தையும் மொழி அறியாத அயல்நாட்டவரும் படிக்கக்கூடிய எளிய வரிவடிவத்தில், ஓடு என்று எழுதியிருந்தது. யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று ஆண்டு முழுவதும் எண்ணிப் பழகிய நிறுவனத்துக்குத்தான் அந்த நேரத்தில் அந்த வரிவடிவம் தோன்றும்.

இப்போது கட்டணம் குறைந்திருக்கிறது, மக்கள்தொகையும் குறைகிறது, செலவை வெட்ட வேண்டிய காலம். 2023 டிசம்பரில் இரண்டு செயற்கைக்கோள் அலைவரிசைகள் ஒன்றாக்கப்பட்டன. வெட்டும்போது கத்தி முதலில் எங்கே போகும் என்பதை ஊகிக்க அறிவு வேண்டாம். கோஹகுவைத் தொட்டால் நாடே கேட்கும்; ஞாயிறு விடியலில் ஒரு துறவி பேசும் ஒரு மணி நேரத்தைத் தொட்டால் சில ஆயிரம் கடிதங்கள் வரக்கூடும். என்னைக் கேட்டால் அந்தச் சில ஆயிரம் பேரின் பக்கம்தான் நிற்பேன். பெருநிகழ்ச்சிக்கு நாளைக்கே வேறு வீடு கிடைக்கும், இதற்குக் கிடைக்காது. என்.எச்.கே. தன் பழைய செல்வத்தைத் தானே அழித்த காலமும் உண்டு. ஒளிப்பேழைகள் விலை அதிகமாக இருந்த தொடக்க ஆண்டுகளில் பதிவின் மேலேயே மறுபதிவு செய்தார்கள். முதல் டைகா தொடரான 'ஹானா நோ ஷோகாய்' ஓராண்டில் பெரும்பகுதி ஓடியும் அதன் முதல் பகுதி மட்டுமே மிஞ்சியது. இப்போது அந்நிறுவனம், உங்கள் வீட்டில் எங்கள் பழைய நிகழ்ச்சி எதுவும் பதிவாகிக் கிடக்கிறதா என்று நேயர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அலமாரிகளிலிருந்தும் பரண்களிலிருந்தும் பேழைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன.